குடிமதிப்பு ஏடுகளும் முன்னோர் தேடலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழர் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

முன்னோரின் பெயரையும் ஊரையும் அறிய விரும்புவோர் பல நாடுகளில் முதற்கண் நாடுவது மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளையே. இங்கிலாந்தில் வீட்டுவாரிப் படிவங்கள் 100 ஆண்டுகளுக்குப் பின்னும், அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பின்னும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏடும் 1950ஆம் ஆண்டின் அமெரிக்க ஏடும் 2022இல் வெளியிடப்பட்டன. இந்தியாவில் அத்தகைய வழி இல்லை. அட்டவணைகள் தொகுக்கப்பட்ட பின் வீட்டுவாரிப் படிவங்கள் பொதுவாகப் பேணப்படவில்லை. கணக்கெடுப்பின்போது எழுதப்படும் பதிவுகளைப் பார்வையிடும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஆகவே இந்தியக் குடிமதிப்பில் கிடைப்பன எண்களே, பெயர்கள் அல்ல. அவ்வெண்களைக் கொண்டு முன்னோரை எந்த அளவுக்கு அறிய இயலும், பெயர்களை வேறு எங்கே தேட வேண்டும் என்பனவற்றைக் கேரளத்தின் தமிழக எல்லைப் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மூன்று ஆட்சிகள், மூன்று அறிக்கைகள்

இன்றைய எல்லைகளை மனத்திற்கொண்டு பழைய அறிக்கைகளைப் புரட்டுவோர் வழிதவறுவர். பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர் தாலுகா கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் அடங்கின. எனவே கொல்லங்கோட்டில் வாழ்ந்த குடும்பம் சென்னை அறிக்கையிலும், அருகிலுள்ள நெம்மாறையில் வாழ்ந்த அதன் உறவினர் கொச்சி அறிக்கையிலும் எண்ணப்பட்டனர். கேரள மாநிலம் 1956 நவம்பர் 1இல் உருவான பின்னரே இம்மூன்றும் ஒரே தொகுதிக்குள் வந்தன. இடுக்கி மாவட்டமோ 1972 ஜனவரி 26இல்தான் அமைந்தது.

குடியேறியோரின் பூர்விக மாவட்டங்களும் இவ்வாறே மாறியுள்ளன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் திருநெல்வேலியைச் சார்ந்திருந்தன. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே 1901ஆம் ஆண்டு அறிக்கையில் திருநெல்வேலியில் பிறந்தோர் எனக் காட்டப்படுவோரின் ஊர்கள் இன்று பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

2. மொழிப் பத்தியும் பிறப்பிடப் பத்தியும்

குடிமதிப்பில் மொழியியலாளர் பெரிதும் பயன்படுத்துவது தாய்மொழி அட்டவணை. ஆயினும் தாய்மொழி வேறு, பிறப்பிடம் வேறு. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பல தலைமுறைகளாக வாழும் தமிழர் மொழிப் பத்தியில் தமிழர். பிறப்பிடப் பத்தியில் மலபாரார். கண்ணன் தேவன் மலைகளுக்கு வந்த தொழிலாளரின் நிலை சற்று வேறுபட்டது. பூஞ்சாறு அரச குடும்பம் 1877இல் அம்மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயர்க்கு உரிமையளித்தது. அதன்பின் அங்கே தோட்டங்கள் பெருகின. திருநெல்வேலி, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணியர்வழி மலையேறிய முதல் தலைமுறையினர் இரு பத்திகளிலும் வெளியூராராகத் தோன்றுவர். லயத்தில் பிறந்த அவர்தம் மக்களோ பிறப்பிடத்தால் திருவிதாங்கூரார். மொழியால் மட்டுமே தமிழர். ஓர் அட்டவணையில் மறையும் தலைமுறை மற்றோர் அட்டவணையில் நிலைத்திருப்பதால், இரண்டையும் இணைத்துப் பார்த்தாலன்றிக் குடியேற்றத்தின் காலத்தைக் கணிக்க இயலாது.

இவ்வேறுபாடு வெறும் ஆய்வுநெறி சார்ந்ததன்று. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைக் கேரளத்துடனேயே வைக்கப் பரிந்துரைத்தபோது, அங்குள்ள தமிழருள் தோட்டத் தொழிலாளர் மிகுதி என்பதையும் கருத்திற்கொண்டது. எத்துணைப் பேர் வந்துசெல்வோர், எத்துணைப் பேர் அம்மண்ணிலேயே பிறந்தோர் என்னும் வினாவுக்கு மொழி அட்டவணை மட்டும் விடை தராது.

மொழிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். அட்டப்பாடி இருளர் பேசும் மொழி, 2001, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளின் மொழிவாரித் தொகுப்பில் தமிழின்கீழ் அடக்கப்பட்டுள்ளது. தொகுப்பெண்ணை மட்டும் காண்போர்க்கு இருளர் தமிழராகவே தோன்றுவர். கணக்கெடுப்பாளர் எழுதிய சொல்லுக்கும் அச்சேறிய சொல்லுக்கும் இடையே ஒரு வகைப்பாடு நிகழ்ந்திருக்கிறது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

3. கடல் கடந்தோரும் மலை கடந்தோரும்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் கப்பற்பட்டியல்கள் உள்ளன. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், மாவட்டம் ஆகியவை அவற்றில் இடம்பெறுகின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் பூர்விக ஊரைத் தேட அவை உதவுகின்றன. போடியிலிருந்து மலையேறி மூணாற்றுக்குச் சென்றவர்க்கோ அத்தகைய பட்டியல் எழுதப்படவில்லை. சில கல் தொலைவே நடந்தவரின் மூதாதையரைக் கண்டறிவது, பெருங்கடல் கடந்தவரின் மூதாதையரைக் கண்டறிவதினும் அரிதாயிற்று.

இவ்விடத்தில் துணைபுரிவன தோட்டங்களின் செக்ரோல் ஏடுகள், தேவாலயத் திருமுழுக்குப் பதிவுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல்கள் ஆகியவை. இவற்றின் தேவை இன்றும் குறையவில்லை. அட்டவணைச் சாதியினர் பற்றிய குடியரசுத்தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் வேறு மாநிலத்திலிருந்து குடியேறியோர் புதிய மாநிலத்தில் அத்தகுதியைப் பெறுவதில்லை. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்றவரின் தேர்தல் செல்லாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மூதாதையர் 1950க்கு முன் வந்தனரா என்பது அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பாட்டன் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்னும் செய்தி, பேரனின் உரிமையை முடிவுசெய்யும் அளவுக்கு எடையுடையதாகிறது.

4. பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பு

இவ்வேடுகளைப் படிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் சந்திக்கும் முதல் இடர் எழுத்து. தோட்ட ஏடுகள் ஆங்கிலத்திலும், பள்ளிப் பதிவுகள் தமிழிலோ மலையாளத்திலோ, அரசுச் சான்றுகள் பெரும்பாலும் மலையாளத்திலும் அமைகின்றன. ஆங்கில எழுத்தில் தகரமும் டகரமும் மயங்குவதால் கந்தன் என்னும் பெயர் மலையாளத்திற்கு மாறுகையில் கண்டன் ஆகலாம். ழகரமும் ளகரமும் லகரமாகக் குறையும்போது பழனி, பலனி ஆகிவிடும். ஒரே ஆள் மூன்று ஏடுகளில் மூவராகத் தோன்றுவதும், அதனால் சான்று மறுக்கப்படுவதும் இயல்பு.

இரண்டாவது இடர் பெயரிடு மரபு. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே அடையாளம். பாட்டன் பெயரைத் தாங்குவதால் பெயரன் என வழங்கும் மரபில், கருப்பன் மகன் மாடன் என்பதும் மாடன் மகன் கருப்பன் என்பதும் மாறிமாறி வரும். அகவையும் துணைவியின் பெயரும் ஒப்பிடப்படாவிடில் பாட்டனும் பெயரனும் ஒருவராகவே கருதப்படுவர்.

ஆகவே எழுத்துப்பெயர்ப்பாளர் மூல வடிவத்தை மாற்றாது படியெடுத்து, ஊகித்த வடிவத்தை அதனருகே தனியே தருதல் வேண்டும். திருத்திய வடிவம் மட்டும் எஞ்சுமாயின், பின்வருவோர் மூலத்துடன் ஒப்பிட வழியின்றிப் போகும்.

முடிவுரை

குடிமதிப்பு அறிக்கைகள் முன்னோர் கூட்டமாக வந்த காலத்தையும் திசையையும் காட்டுகின்றன, தனியொருவரைக் காட்டுவதில்லை. தனியொருவரைக் காட்டும் தோட்ட ஏடுகளும் பள்ளிப் பதிவுகளும் மழையும் ஈரமும் மிகுந்த மலைப்பகுதிகளில் காலப்போக்கில் சிதையக்கூடியவை. அவற்றைப் படியெடுத்து மும்மொழிப் பெயரடைவாக்கும் பணி, மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து உடனே மேற்கொள்ளத்தக்கது.