இரண்டு ஹவேலிகள், இரண்டு சிக்கந்தர்கள்

‘கரம் ஹவா’ படத்தில் ஆக்ராவில் வேலை தேடி அலையும் இளைய மகனின் பெயர் சிக்கந்தர் மிர்சா. ‘ஜிஸ் லாகூர் நயீ தேக்யா’ நாடகத்தில் லக்னோவைத் துறந்து லாகூர் போய்ச் சேரும் குடும்பத் தலைவரின் பெயரும் அதுவே. ஆக்ராவின் சிக்கந்தர் இந்தியாவிலேயே தங்கிவிடுகிறான். லக்னோவின் சிக்கந்தர் எல்லை கடந்துவிடுகிறார். தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், பிரிவினையைப் பேசும் இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்தப் பெயர்ப் பொருத்தம் நல்ல சாக்கு.

இரண்டிலும் நடுநாயகம் ஒரு கிழவி. சத்யு இயக்கிய படத்தில் சிக்கந்தரின் பாட்டி விறகுக் கொட்டடியில் ஒளிந்துகொள்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் குடும்பம் வெளியேற வேண்டியிருக்கிறது. அஸ்கர் வஜாஹத்தின் நாடகத்தில் ரத்தனின் தாய் வீட்டைவிட்டு நகர மறுக்கிறாள். 22 அறைகள் கொண்ட ஹவேலிக்கு ஒதுக்கீட்டு ஆணையோடு வந்த மிர்சா குடும்பம் திகைத்து நிற்கிறது. அவள் இந்தியாவில் முஸ்லிம், இவள் பாகிஸ்தானில் இந்து. எதிரே நிற்பது இருவருக்கும் ஒரே வகை அலுவலகம்: போனவர்களின் சொத்தைப் பராமரித்துப் பங்கிடும் கஸ்டோடியன். போகாதவர்களை என்ன செய்வது என்பதற்கு அந்தக் கோப்புகளில் இடமில்லை.

நினைவு யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. படத்தில் அது வீட்டுக்கே திரும்புகிறது. சாகும் தறுவாயில் பாட்டியைப் பல்லக்கில் பழைய ஹவேலிக்குக் கொண்டுவருகிறார்கள். மணப்பெண்ணாய் அங்கு நுழைந்த நாளின் ஓசைகள் அவள் காதில் கேட்கின்றன. கதவைத் திறந்துவிடுபவர் சிந்துவிலிருந்து எல்லாம் இழந்து வந்த அஜ்மானி. நாடகத்திலோ கிழவியின் மகன் ரத்தன் கொல்லப்பட்டுவிட்டான், இரத்த வாரிசு இல்லை. எனவே வீட்டைப் பறிக்க வந்தவர்களே அவளுடைய நினைவுக்கு வாரிசுகளாகிறார்கள். அவள் தீபாவளி விளக்கேற்றும்போது மிர்சா குடும்பம் உடன் நிற்கிறது. அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று அவள் கிளம்ப முனையும்போது அவர்களே தடுக்கிறார்கள். என் கணக்கில் நாடகத்தின் துணிவு இதுதான். படம் இவ்வளவு தாராளமாக இல்லை. அதன் நேர்மையும் அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது.

மூலங்களைத் தேடினால் இரண்டும் பிறர் நினைவிலிருந்து கடன் வாங்கியவை. படம் இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதையிலிருந்து வந்தது. நாடகம் தில்லியின் உருது இதழாளர் சந்தோஷ் குமாரின் லாகூர்ப் பயணக் குறிப்புகளிலிருந்து. நாடகத்தை ஹபீப் தன்வீர் 1990-இல் தில்லி ஸ்ரீராம் சென்டர் குழுவினரோடு மேடையேற்றினார். அவரும் சத்யுவும் 1950-களில் தில்லியில் பேகம் குத்சியா ஜைதி நடத்திய ஹிந்துஸ்தானி தியேட்டரில் பணியாற்றியவர்கள். ‘கரம் ஹவா’வைக் கைஃபி ஆஸ்மியோடு சேர்ந்து எழுதிய ஷமா ஜைதி, குத்சியாவின் மகள். ஆக, மேடையும் திரையும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது: திரையில் மிர்சாக்கள் இழக்கும் அந்த ஹவேலி உண்மையில் ஆக்ராவின் பீப்பல் மண்டியில் ஓர் இந்துக் குடும்பத்தின் வீடு.

இரண்டையும் கண்டு அதிகாரம் அஞ்சியது. படத்தைக் கலவரம் வரும் என்று தணிக்கை வாரியம் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. நாடகத்துக்குக் கராச்சியில் காவல்துறை அனுமதி மறுக்க, அது ஜெர்மன் பண்பாட்டு மையத்தில் நடந்தது.

முடிவுகளோ நம் எதிர்பார்ப்பைத் தலைகீழாக்குகின்றன. கசப்பாகவே நகரும் படத்தில், பாகிஸ்தானுக்குக் கிளம்பிய குதிரைவண்டி வழியில் நிற்கிறது. சிக்கந்தரும் பின்னர் அவன் தந்தை சலீமும் இறங்கி, வேலை கேட்டுப் போகும் ஊர்வலத்தில் கலக்கிறார்கள். அன்பாகவே நகரும் நாடகத்தில், இறந்த கிழவியை அவள் மதப்படியே எரியூட்ட வேண்டும் என்று சொன்ன மௌல்வி மசூதிக்குள் கொலை செய்யப்படுகிறார்.