உலக மதிப்புச் சங்கிலி: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்

ஒரு பண்டம் மூலப்பொருளாயிருக்கும் நிலையிலிருந்து அதை உபயோகிப்பவர் கையைச் சேரும் வரையில் நடைபெறும் காரியங்கள் பல தேசங்களில் பிரிந்து நிகழ, அவற்றை வர்த்தக ஒப்பந்தங்களால் பிணைத்து நடத்தும் ஏற்பாடு உலக மதிப்புச் சங்கிலி எனப்படும். இதன் நன்மை தீமைகளைத் தமிழகத்தில் தெளிவுறக் காட்டுவது, நொய்யல் நதிக்கரையிலுள்ள திருப்பூரின் பின்னலாடைத் தொழில்.

உள்நாட்டுக்குப் பனியன் உற்பத்தி செய்துவந்த இந்நகரம், 1970-களின் பிற்பகுதி முதல் ஏற்றுமதியில் பிரவேசித்து, ஆடை வர்த்தகத்தைக் கட்டுப்படுத்திய சர்வதேச ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுற்றபின் மேலும் விஸ்தாரமடைந்தது. இங்கே எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் நடப்பது அபூர்வம். நூற்பாலையின் நூல் நிட்டிங் கம்பெனியில் துணியாகி, சாயப்பட்டறையில் நிறமேறி, பின்னர்ச் சுருங்காதபடி துணியை இறுக்கும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேஜைக்கும் தையல் நடக்கும் பவர் டேபிளுக்கும் சென்று, செக்கிங், அயர்னிங் ஆகி, பெட்டியில் அடைபட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்வதற்குள் பல சிறு முதலாளிகளின் கைகளைக் கடக்கிறது. சொற்ப முதலுள்ளவரும் நான்கு மெஷின்களுடன் பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க் எடுத்து முதலாளியாக முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும் இத்தொழிலாலேயே ஜீவனம் பெற்றனர்.

ஆயினும் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளிடமே இருக்கிறது. மாதிரி ஆடைக்கும் நிறத்துக்கும் சம்மதம் தருவதில் பையர் தாமதித்தாலும் ஷிப்மென்ட் தேதி எளிதில் நகர்வதில்லை. தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அந்த நெருக்கடி ஓவர்டைமாகவும் இரவு ஷிப்டாகவும் இறங்கி, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளியிடம் வந்து சேருகிறது.

இவை யாவற்றினும் பெரிய நஷ்டம் நதிக்கு நேர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்காகச் சேர்க்கும் உப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறும், அது பல்லாண்டுகள் நொய்யலில் கலந்ததால், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று, கிணறுகள் உவர்த்தன, அணையைத் திறந்துவிட வேண்டாமென்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் உண்டாயிற்று. அவர்கள் தொடுத்த வழக்கின் பயனாக, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற நிபந்தனை நிறைவேறாதிருந்த நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நீரை மீட்டு மறுபடியும் உபயோகிக்கும் சுத்திகரிப்பு முறையுடன் அவை பின்னர்ப் படிப்படியாகத் திறந்தன. அந்நிய தேசத்தார் உடுத்தும் ஆடைக்காக நதியைத் துப்புரவாக வைக்கும் செலவைத் திருப்பூர் மட்டும் சுமப்பது நியாயமன்று. கொள்முதல் விலையிலேயே அதைச் சேர்த்துத் தருவது வாங்குவோரின் கடமையாகும்.