வளர்ந்தவரின் ஓட்டிசம்: ஒரு மதிப்பீட்டின் வரலாறு

ஓட்டிசம் என்றவுடன் எமது மனக்கண்ணில் தோன்றுவது ஒரு சிறுபிள்ளைதான். பேசப் பிந்திய பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, விளையாட்டுக் காரின் சில்லை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை. விசேட கல்வி பற்றிய செயலமர்வுகளில் ஆசிரியர்களாகிய எமக்குக் காட்டப்படும் படங்களும் பிள்ளைகளின் படங்களே. அப்பிள்ளைகள் வளர்ந்து முப்பது, நாற்பது, அறுபது வயதில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஓட்டிசம் வயதோடு விழுந்துவிடும் பாற்பல் அல்ல. ஆகவே அவர்கள் எங்கோ இருக்கத்தான் வேண்டும்: வயலில், கடையில், பள்ளிவாசலின் கடைசி ஸப்பில், சிலவேளை வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னாலும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இக்கேள்வியை என்னைப் பற்றியே கேட்க நேர்ந்தது. அதற்கு விடை தேடும்போது, வளர்ந்த ஒருவரை மதிப்பிடும் முறைக்கே ஒரு வரலாறு இருப்பதையும், அவ்வரலாறு வன்னியில் வாழும் எம்மைத் தொடுவதையும் கண்டேன். இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்கள் அல்பிரட் பினேயை மறந்திருக்க மாட்டார்கள். பிரான்சில் கட்டாயக் கல்வி வந்தபின், சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அறிந்து அவர்களுக்கு உதவுவதற்காக 1905இல் பினேயும் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினர். அறிவு என்பது மாறாத ஓர் அளவு என்ற கருத்தைப் பினே ஏற்கவில்லை. ஆனால் அச்சோதனை அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றதும் கொடார்ட் போன்றோரின் கையில் வேறொன்றாகியது. வந்திறங்கிய குடியேறிகளில் யார் ‘மந்தபுத்தியினர்’ என்று பொறுக்கியெடுக்க அது பயன்பட்டது. உதவுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவி வாசற்கதவை மூடும் கருவியானது. மதிப்பீடு என்பது எதை அளக்கிறது என்பதைவிட எதற்காக அளக்கிறது என்பதே முதற்கேள்வி. ஓட்டிசத்தின் வரலாற்றையும் இக்கேள்வியோடுதான் படிக்க வேண்டும்.

‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஓட்டிசம்’ என்ற பதத்தை ஆக்கியவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் ஒய்கன் புளொய்லர். 1911இல் வெளிவந்த அவரது நூலில் அது மனப்பிளவு நோயின் ஓர் அறிகுறியாகவே பேசப்பட்டது. 1925இல் மொஸ்கோவில் குரூன்யா சுக்காரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களை மிக நுணுக்கமாக விவரித்தார். ஒலியைத் தாங்கமாட்டாமை, கூட்டத்திலிருந்து ஒதுங்குதல், ஒரே விடயத்தில் ஆழ்ந்த பற்று என அவர் எழுதியவை இன்றைய வரையறைகளோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன. அவரது எழுத்து நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1943இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதிய கட்டுரையுமே பின்னர் மூலநூல்களாகக் கொள்ளப்பட்டன.

கனர் எழுதிய முதலாவது பிள்ளை டொனல்ட் ற்றிப்லெற். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொறெஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். சில ஆண்டுகள் அவர் ஓர் ஏழை விவசாயத் தம்பதியினரின் பராமரிப்பில் விடப்பட்டிருந்தார். 1945இல் அங்கு சென்று பார்த்த கனர், அவர்களின் புத்தியைக் கண்டு வியந்தார். எதையும் அளந்துகொண்டே இருந்த பையனிடம் அவர்கள் கிணறு வெட்டும் வேலையைக் கொடுத்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். எண்ணிக்கொண்டே இருந்தவனைச் சோள நிலத்தில் உழவிட்டு, உழும்போது வரிசைகளை எண்ணவிட்டார்கள். செத்த பறவைகளைச் சேர்த்தவனுக்கு அவற்றைப் புதைக்க ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கினார்கள். டொனல்ட் பின்னர் பல்கலைக்கழகம் சென்றார், தனது ஊர் வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், உலகம் சுற்றினார். 2023இல் தமது 89வது வயதில் காலமானார். 1971இல் அந்தப் பதினொருவரையும் தேடி எழுதிய கனர், பெரிய அரச விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களின் நிலை நம்பிக்கை இழந்ததாக முடிந்ததையும் பதிவுசெய்தார். உளவியல் படித்தறியாத ஒரு கமக்காரக் குடும்பம், கிணற்றையும் உழவையும் வைத்துச் செய்த மதிப்பீட்டை, ‘ஏற்றுக்கொள்ளும் மதிப்பீடு’ என்று இன்று பேசப்படுவதன் முன்னோடி எனலாம். அவர்கள் பையனில் எது குறைகிறது என்று தேடவில்லை. எது இருக்கிறது, அதற்கு எங்கே இடம் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள்.

மறுபக்கம் வியன்னா. அஸ்பேர்கர் தமது நோயாளிச் சிறுவர்களில் சிலரின் திறமைகளைப் போற்றி எழுதியவர் என்றே நெடுங்காலம் அறியப்பட்டார். ஆனால் 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் வெளியிட்ட ஆவணங்கள், ‘ஸ்பீகல்குறுண்ட்’ என்னும் நிலையத்துக்கும் அவர் பிள்ளைகளை அனுப்பியதைக் காட்டின. நாஸி ஆட்சியில் அந்நிலையத்தில் 789 பிள்ளைகள் இறந்தனர். பலர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். ஒரே மருத்துவரின் ஒரே பேனா ஒருவனைப் பாராட்டியது, இன்னொருவனின் பெயரை மரணப் பட்டியலில் சேர்த்தது. தன் பெயர் ஏதாவதொரு கோவையில் ஏறுவதற்கு ஒருவர் அஞ்சினால் அது அறியாமையால் வந்த அச்சமல்ல. பதிவு, பட்டியல், அடையாள அட்டை ஆகியவற்றோடு மூன்று தசாப்தங்கள் சீவித்த வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போருக்குப் பின் பழி தாய்மாரின் மேல் விழுந்தது. அன்பற்ற தாயே பிள்ளையை இப்படியாக்கினாள் என்ற கருத்து மேற்குலகில் வேரூன்றியது. 1967இல் புரூனோ பெத்தல்ஹைமின் நூல் அதைப் பரப்பியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையான பேர்னார்ட் ரிம்லன்ட், இது பிறப்போடு வரும் மூளையமைப்புச் சார்ந்த விடயம் என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். வளர்ந்தவர்களுக்கான கதவைத் திறந்தவரும் ஒரு தாய்தான். லண்டனைச் சேர்ந்த உளமருத்துவரான லோர்னா விங் ஓட்டிசமுள்ள மகளின் தாய். 1981இல் அவர் எழுதிய கட்டுரை அஸ்பேர்கரின் ஆய்வை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியதோடு, ஓட்டிசம் ஒரு பெட்டி அல்ல, ஒரு நிறமாலை என்ற எண்ணத்துக்கும் வழிகோலியது. பேச்சும் கல்வியும் உள்ள வளர்ந்தவர்கள் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினர்.

பின்னர் அவர்களே பேசத் தொடங்கினர். 1993இல் ஜிம் சின்க்ளேயர் என்பவர் பெற்றோர்களை நோக்கி, உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக இழவு காக்க வேண்டாம் என்ற கருத்தை முன்வைத்தார். நரம்பியல் பன்மைத்துவம் என்ற எண்ணக்கரு பலரின் உரையாடல்களில் உருவாகி, 1998இல் அவுஸ்திரேலியாவின் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும் இடம்பெற்றது. வளர்ந்தவர்களின் ஓட்டிசத்துக்கென ஒரு திட்டத்தை அரசு வகுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய சட்டம் இங்கிலாந்தில் 2009இல் வந்தது. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கைநூலின் ஐந்தாம் பதிப்பு ‘அஸ்பேர்கர்’ என்ற தனிப்பெயரை நீக்கி யாவற்றையும் ஒரே நிறமாலையாக்கியது. அப்பதிப்பில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. ஒருவர் கற்றுக்கொண்ட உத்திகளால் தமது இயல்பை மறைத்து வைத்திருக்கலாம் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. அத்தோடு, அறிகுறிகள் இப்போது இருக்கலாம் அல்லது கடந்த வரலாற்றில் இருந்திருக்கலாம் என்கிறது. ஆக, ஒருவரின் வரலாறும் சான்றாகிறது.

ஆனால் எவருடைய வரலாறு, எந்த மொழியில்? எமது ஊர்களில் இத்தகையோருக்குப் பெயர் இல்லாமலில்லை. தனிப்போக்கு, ஒரு மாதிரியான ஆள், விசர், மஜ்னூன் என்று ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப அவை மாறும். தமிழகத்தின் அரச ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற பெயர் புழங்கியிருக்கிறது. புற உலகின் ஒவ்வோர் ஒலியும் ஒளியும் வடிகட்டப்படாமல் உள்ளே பாய்வதால் திணறும் ஒருவருக்குப் புற உலகச் சிந்தனையற்றவர் என்ற பெயர்! சொல்லிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

கேள்விக்கொத்துகளின் நிலையும் இதுவே. 2001இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட, வளர்ந்தவர்களுக்கான 50 கூற்றுகளைக் கொண்ட ஒரு படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. நாடக அரங்குக்குப் போக விருப்பமா, நூதனசாலைக்குப் போக விருப்பமா என்று அறிய முயல்கிறது அது. ஒட்டுசுட்டானில் இரண்டும் இல்லை. வாகன இலக்கங்களைக் கவனிக்கும் பழக்கம் பற்றியும் அதில் இருக்கிறது. போர்க்காலத்தில் அது பலரும் அச்சத்தால் பழகிக்கொண்ட ஒன்று.

இலங்கையில் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி பேராசிரியர் ஹேமமாலி பெரேராவினுடையது. 2009இல் அவரும் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தைக் கண்டது. எமது பண்பாட்டுக்கேற்ற, படங்களால் அமைந்த ஒரு மதிப்பீட்டு முறையும் அவரது குழுவினரால் உருவானது. இவை பிள்ளைகளுக்கானவை. அதே ஆண்டு இந்தியாவில் 40 கூறுகளைக் கொண்ட ஓர் அளவுகோல் வெளிவந்தது. உலக ஓட்டிச தினமாக ஏப்ரல் 2ஐ ஐக்கிய நாடுகள் சபை 2007இல் பிரகடனப்படுத்தியது கத்தார் நாட்டின் முன்மொழிவினால் என்பதும் எமது வாசகர்கள் அறிய வேண்டியது. இலங்கையில் அங்கவீனமுற்றோர் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்தது. ஐ.நா. சமவாயத்தை எமது நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது.

வன்னியில் இவற்றுக்கு மேலாக இரண்டு முடிச்சுகள் உள்ளன. வளர்ந்தவரை மதிப்பிடும்போது அவரது இளம்பராயம் பற்றிக் கேட்பார்கள். விரிவான பெற்றோர் நேர்காணல் முறையொன்று நான்கு, ஐந்து வயதுக் காலத்தை விசேடமாக விசாரிக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா மக்கள் விட்டுச்சென்றவற்றில் வீடும் காணியும் மட்டும் இருக்கவில்லை. பாடசாலை முன்னேற்ற அறிக்கைகளும், கிளினிக் கொப்பிகளும், எம்மைக் குழந்தையாகப் பார்த்த அயலவரும் போய்விட்டனர். 2009 வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்த வன்னித் தமிழ் மக்களுக்கும் இதே கதிதான். இரண்டாவது முடிச்சு இதைவிடக் கடினமானது. திடீர் ஒலிக்கு அதிர்தல், கூட்டத்தைத் தவிர்த்தல், பேச்சொடுங்குதல் யாவும் போர்வடுவின் அடையாளங்களாகவும் இருக்கலாம். வன்னியில் நாற்பது வயதான ஒருவர் காதைப் பொத்தினால் எவரும் ஷெல்லைத்தான் நினைப்பர். சிலரில் இரண்டும் ஒருமிக்க இருக்கவும் கூடும்.

எனக்கும் அதுதான் நடந்தது. நான் முதலில் சென்ற கிளினிக்கில், “சேர், நீங்கள் படிப்பிக்கிறீங்கள், கலியாணம் முடிச்சுப் பிள்ளைகளும் இருக்கு. இது சின்னப் பிள்ளைகளுக்கு வாறது. உங்களுக்குச் சண்டைக்காலப் பயம்தான்” என்று கூறி நித்திரைக் குளிசை தந்தார்கள். வேறொரு மாவட்டத்தில் நான் கண்ட வைத்தியரின் கேள்வி வேறு. “வகுப்பில் நன்றாகப் பேசுகிறீர்கள். அதற்கு எவ்வளவு செலவாகிறது? வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். இருட்டறையில் ஒரு மணித்தியாலம் படுத்திருப்பதை அதுவரை எவரும் என்னிடம் விசாரித்ததில்லை. புத்தளத்திலிருக்கும் என் உம்மாவோடு அவர் தொலைபேசியில் பேசினார். நெல் குத்தும் மில்லின் சத்தத்துக்கு நான் தவழும் பருவத்திலேயே வீரிட்டதையும், பெருநாள் சட்டையைப் பலமுறை கழுவிய பிறகே உடுத்ததையும், முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், ஓமந்தை என்று பஸ் தரிப்பிடங்களை நாள் முழுக்க ஓதிக்கொண்டிருந்ததையும் உம்மா சொன்னார். எல்லாம் எங்கள் ஊரில் ஷெல் விழுவதற்கு முன்னர் நடந்தவை. எரிந்துபோன ஆவணங்களின் இடத்தில் ஒரு தாயின் ஞாபகம் நின்றது.

மூன்று அமர்வுகளின் பின் கிடைத்த இரண்டு பக்க அறிக்கை ஓட்டிசம் என்று சொன்னது. அதோடு நிற்காமல், போர் விட்டுச்சென்றதையும் தனியே எழுதியிருந்தது. எனது திறமைகளைக் குறித்திருந்தது. காலைக்கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே நிற்காமலிருத்தல், மாற்றங்களை முன்கூட்டியே எழுத்தில் அறிதல், இரண்டு பாடவேளைகளுக்கிடையில் சிறிது அமைதி என எனக்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டிருந்தது. குணப்படுத்தல் என்ற சொல் அதில் இல்லை. அத்தாளை நான் இன்னும் பாடசாலையில் காட்டவில்லை. காட்டினால் சலுகை கிடைக்குமா, இடமாற்றம் கிடைக்குமா, என் பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் அது எழுமா என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். பினேயின் சோதனைக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டார்.

பெயர் கிடைத்ததால் நான் மாறிவிடவில்லை. ஆனால் நாற்பது வருடங்களாகக் குணக்கேடு, திமிர், சலாத்துக்குக்கூட முகம் பார்க்காதவன் என்று எழுதப்பட்டிருந்த கணக்கு திருத்தப்பட்டது. இந்தத் திருத்தம் எம்மிடையே இன்னும் பலருக்குக் கடனாக இருக்கிறது. அவர்களுக்காக இரண்டு காரியங்களை நாமே தொடங்கலாம். எமது பிள்ளைகளின் சிறுபராய இயல்புகளை, தீர்ப்புச் சொல்லாமல், கண்டபடி ஒரு கொப்பியில் எழுதி வைப்பது ஒன்று. எம்மைக் குழந்தையாகக் கண்ட உம்மாமாரும் மூத்தம்மாமாரும் ஹயாத்தோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது மற்றொன்று. வெளியேற்றத்தின் வரலாற்றை எழுத எத்தனையோ வாய்மொழிகளைச் சேகரித்திருக்கிறோம். எங்கள் பிள்ளைப்பருவத்தைப் பற்றியும் அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் சில வருடங்களே இருக்கின்றன.