திவ்யதேச யாத்திரையும் கால நியமமும்: பெண்ணைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புதுச்சேரியின் ஊர்ப்புறத்தில், நெல்லும் கரும்பும் விளையும் நிலங்களின் நடுவே உள்ளது பண்டசோழநல்லூர். அவ்வூரார்க்கு அண்மையான திவ்யதேசம் தெற்கே கெடிலக் கரையிலுள்ள திருவஹீந்திரபுரம். வழியில் பெண்ணையாறு குறுக்கிடுகிறது. பாலங்கள் ஏற்படுவதற்கு முன், அடியவர்க்கு மெய்யனாகிய தேவநாதனைச் சேவிக்கப் புறப்பட்டவர் முதலில் ஆற்றையே பார்த்தாக வேண்டும். சித்திரையில் அது மணற்பரப்பு. பிரஹ்மோத்ஸவத்துக்கு நடந்தே கடக்கலாம், வெயில் ஒன்றே துன்பம். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஆறு இரு கரையும் புரளும். 1958இல் சாத்தனூர் அணை கட்டி முடிந்த பிறகும் அதன் இயல்பு மாறிவிடவில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதியையும் கடலூரையும் சூழ்ந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க முடியாது.

ஆகவே, எந்தக் காலத்தில் யாத்திரை செய்வது என்ற வினா இங்கே ஆறும் மழையும் அறுவடையும் சேர்ந்து எழுப்பிய வினா. நெடுங்காலம் அதற்குக் கிடைத்த விடை உழவனின் விடையாகவே இருந்தது. சம்பா அறுவடை முடிந்து கையில் நெல்லும் காலில் ஓய்வும் உள்ள மாசியில் தீர்த்தவாரிக்குப் போவது. நடவு முடிந்த இடைவெளியில், பெருமழைக்கு முன், புரட்டாசியில் பெருமாளைச் சேவிப்பது. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகன் கிள்ளைக் கடலுக்கு எழுந்தருள்வதும் மாசி மகத்தில்தான்.

உத்ஸவ காலம் விளைச்சலோடு பிணைந்தது என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே கல்லில் சான்று உண்டு. விழுப்புரம் சாலையிலுள்ள திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலில், முதலாம் ராஜாதிராஜன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 72 வேலி நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. அதன் ஆண்டு விளைவு 12,000 கலம் நெல். அதைக்கொண்டு கோயிற் கைங்கரியங்களும், திருவாய்மொழி விண்ணப்பம் செய்வாரும், 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலையும் நடந்தன. எம்பெருமானார் திருவாராதனத்தை நெறிப்படுத்துவதற்கு முன்பே ஆழ்வார் அருளிச்செயல் இங்கே நெல்லளவோடு ஏற்பாடாகியிருந்தது என்பதே பெருமைக்குரிய செய்தி. வருகிற அடியார்க்கு அமுது படைக்க நெல் வேண்டும். நெல் வரும் காலத்தை ஒட்டி ஊர் கூடும். இதில் தாழ்வு ஒன்றுமில்லை.

சாஸ்திர நோக்கில் எழும் வினா இதனினும் கடினமானது. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில், பிரபத்திக்கு இடம், காலம், முறை, அதிகாரி, பலன் ஆகிய ஐந்திலும் நியமம் இல்லை என்றும், விஷயத்தில் மட்டுமே நியமம் உண்டு என்றும் அறுதியிடுகிறார். அசுத்தியான நிலையில் திரௌபதி சரணம் புகுந்ததும், போர்க்களத்தின் நடுவே அர்ஜுனன் சரமார்த்தம் கேட்டதும் அங்கே காட்டப்படும் உதாஹரணங்கள். பிரபத்தியின் அங்கங்களைப் பற்றி இரு கலையார்க்கும் நெடிய வாதம் உண்டு. ஆனால் சரணம் புக நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று எவரும் கூறியதில்லை.

அப்படியானால் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாத்திரை புறப்படும் வழக்கத்துக்கு இடம் எங்கே? இன்ன நாளில் சேவித்தால் இத்தனை மடங்கு பலன் என்ற பேச்சு எளிதாகப் பரவுகிறது. அந்நாளில் வர இயலாத முதியவரும், கூலி வேலையை விட்டு வர முடியாதவரும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் ஏதோ இழந்தவர்போல் மனம் குன்றுகின்றனர். பிரபந்நர்க்கு இந்தப் பல கணக்கு ஒவ்வாது. மேற்சொன்ன நூலிலேயே விடையும் அடங்கியிருக்கிறது. விஷய நியமமாவது குணபூர்த்தி உள்ள இடத்தைப் பற்றுதல். அது அர்ச்சாவதாரம் என்று அங்கேயே தெளிவாக்கப்படுகிறது. கோயிலுக்குச் செல்ல வேண்டிய காரணம் அங்கு நிற்கிற எம்பெருமானே. அவன் ஆடியிலும் மார்கழியிலும் ஒருபடியாக நிற்கிறான்.

கால நியமம் ஆகமத்துக்கு உரியது. எந்த நாளில் கொடியேற்றுவது, எந்நாளில் புறப்பாடு என்பவை கோயிலின் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் 2021ஆம் ஆண்டு வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14 அன்று, கார்த்திகை மாதத்திலேயே நடந்தது. மற்றத் தலங்கள் பலவற்றில் மார்கழி ஏகாதசியாகிய 2022 ஜனவரி 13 அன்று கொண்டாடப்பட்டது. தை உத்ஸவத்தோடு மோதாதபடி பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு முன்கொள்வது அக்கோயில் வழக்கம். காலத்துக்கே தனித்த ஆற்றல் இருக்குமானால் பெரிய கோயிலில் இந்த மாற்றம் கூடியிராது. அடியவன் அந்நாளில் செல்வது கைங்கரியத்துக்காக, பாகவத கோஷ்டியோடு கூடியிருப்பதற்காக. தனித்து நின்று கண்ணாரச் சேவிக்க விரும்புபவனுக்குச் சாதாரண நாளே ஏற்றது. திருவஹீந்திரபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருவோர் முகூர்த்த நாளா என்று முன்னமே பார்த்துக்கொள்வதும் நலம். ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடக்கும் தலம் அது; அன்று ஔஷதகிரிப் படிகளில் நிற்கவும் இடம் இராது.

குலசேகரப் பெருமாள் சரித்திரம் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. நாள்தோறும் ஸ்ரீரங்க யாத்திரைக்குப் புறப்பட்டவர் அவர். அரசர் போனால் திரும்பார் என்று அஞ்சிய அமைச்சர்கள், புறப்படும் வேளையில் ஸ்ரீவைஷ்ணவர்களை எதிரே வரச் செய்ய, அவர்களை உபசரிப்பதிலேயே அன்றைய பயணம் நின்றுபோகும் என்று குருபரம்பரை சொல்லும். அவருடைய திருமொழியின் தொடக்கத்திலேயே, என்றைக்குக் கண்டு களிப்பது என்ற ஏக்கம் பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஏக்கம் எந்தச் சோதிடனிடமும் நாள் குறிக்கச் சொல்லிக் கேட்டதன்று. பயணம் தள்ளிப்போனதையும் பூர்வர்கள் இழவாகக் கருதவில்லை. பாகவத சேஷத்வத்துக்கு எடுத்துக்காட்டாகவே கொண்டனர்.

முதலாழ்வார்கள் மூவர் திருக்கோவலூரில் கூடியதும் விழா நாளில் அன்று. இருளும் மழையுமான ஓர் இரவில், ஒதுங்க இடம் தேடி ஓர் இடைகழியில் நெருங்கி நின்றவர்கள் அவர்கள். யாத்திரைக்கு இதைவிட ஆகாத வேளை ஒன்றைச் சொல்வது அரிது. அங்கேதான் நான்காமவனாக எம்பெருமான் வந்து நெருக்கினான். அருளிச்செயலின் தொடக்கம் அந்த நெருக்கத்தில் பிறந்தது. திருவஹீந்திரபுரத்தில் பல ஆண்டுகள் எழுந்தருளியிருந்த வேதாந்த தேசிகர், தேஹளீச ஸ்துதியில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அவ்வெம்பெருமானைப் பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாகவும், அக்கரும்பைப் பிழிந்து சாறு கொண்டவர்களாக ஆழ்வார்களையும் காண்கிறார். கரும்பாலை ஓசை கேட்டு வளர்ந்த பெண்ணைக் கரையார்க்கு இதன் சுவையை எடுத்து விளக்க வேண்டியதில்லை.

திருநக்ஷத்திரங்களைக் கொண்டு யாத்திரைக் காலத்தை அமைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு உபதேசரத்தினமாலை பெருந்துணை செய்தது. மணவாள மாமுனிகள் அதில் ஆழ்வார்களின் மாதத்தையும் நாளையும் அவதரித்த ஊரையும் வரிசைப்படுத்தியது, அந்நாள்களின் பெருமையை உலகம் அறிய வேண்டும் என்பதற்காகவே. அதை மனனம் செய்த இல்லத்தார்க்கு ஆண்டு முழுவதும் ஆசார்யர்களால் நிரம்பியிருக்கும். புரட்டாசித் திருவோணத்தில் தேசிகர் உத்ஸவத்துக்குத் திருவஹீந்திரபுரம் செல்பவர் அந்தத் திதிக்குரிய புண்ணியத்தைத் தேடிச் செல்பவர் அல்லர். 1268இல் அவதரித்த ஓர் ஆசார்யனுக்குத் தம் நன்றியைச் செலுத்தச் செல்பவர்.

ஐப்பசியில் திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்த நாள்களில் பொய்கையார், பூதத்தார், பேயார் திருநக்ஷத்திரங்கள் வருகின்றன. கால நியமம் இல்லை என்று அருளிய பிள்ளை லோகாசார்யர் அவதரித்ததும் ஐப்பசித் திருவோணமே. அடைமழைக்குரிய மாதமாதலால் வெளியூர்க் கூட்டம் குறைந்திருக்கும். பெண்ணைக்குப் பாலம் வந்து பல காலம் ஆகிவிட்டது. திருக்கோவலூருக்குப் பேருந்து உண்டு. வெள்ள எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்து, குடையோடு புறப்பட்டால் போதும்.