மக்ரூன்: ஒரு சொல்லும் அதன் பருப்பும்

மக்ரோனி, மக்ரூன், மக்கரோன் ஆகிய மூன்றும் ஒரே இத்தாலியச் சொல்லின் வழிவந்தவை. மக்ரோனி கோதுமை மாவைக் குழலாக்கி அவித்து உண்பது. மக்ரூன் தூத்துக்குடிப் பேக்கரிகளில் விற்கும் கூம்பு வடிவ முந்திரி இனிப்பு. மக்கரோன் பாரிஸ் கடைகளில் நிறம்நிறமாக அடுக்கி, நத்தார் நாட்களில் பெட்டிகளில் பரிசாகப் போகும் பாதாம் இனிப்பு. மூலச்சொல்லான 'மக்கரோனே' இடைக்கால இத்தாலியில் மாப்பண்டத்துக்கு வழங்கியது; பார்லி உணவைச் சுட்டும் கிரேக்கச் சொல்லொன்றோடு அதை இணைப்போரும் உண்டு.

பிரெஞ்சு மொழியில் இச்சொல் ராபலே 1552இல் வெளியிட்ட நூலில் காணப்படுகிறது. பிற்காலத்தில் அது அரைத்த பாதாம், சீனி, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்த சிறு பணியாரத்துக்கே உரியதாயிற்று. 1792இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு துறவற மடங்களைக் கலைத்தபோது, நான்சி நகரில் இரு கன்னியாஸ்திரிகள் இதைச் சுட்டு விற்றுப் பிழைத்தனர். அந்த மக்கரோன் வெடிப்பு விழுந்த, நிறமற்ற ஒற்றை வட்டு. இரண்டு வட்டுகளை நடுவே பூச்சிட்டு ஒட்டும் பாரிஸ் வடிவம் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது.

தூத்துக்குடிக்கு மக்ரூனைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்பது பரவலான கூற்று. அவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறையில் காலூன்றியவர்கள் என்பதால் கூற்று பொருத்தமாகவே தோன்றும். ஆனால் சொல்லின் ஈறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. போர்த்துக்கேய மொழியில் 'மக்கர்ராவ்' என்பது மக்ரோனி வகையையே குறிக்கும், இனிப்பை அல்ல. மேலும் அம்மொழியின் '-ஆவ்' ஈறு தமிழில் '-ஆண்' அல்லது '-ஆன்' ஆகும். 'பாவ்' பாண் ஆனது. 'பொத்தாவ்' பொத்தான் ஆனது. அவ்வழியே வந்திருந்தால் 'மக்கரான்' என்றொரு சொல் கிடைத்திருக்க வேண்டும். '-ஊன்' ஆங்கிலேயரின் முத்திரை. பிரெஞ்சின் '-ஓன்' ஈற்றை அவர்கள் '-ஊன்' என்று நீட்டி ஒலித்தார்கள். பலூன், சலூன் இரண்டும் அப்படி வந்தவை. மக்ரூனும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. பண்டத்தின் பக்குவம் யாரிடமிருந்து வந்திருந்தாலும், பெயர் ஆங்கிலேயர் காலத்துப் பேக்கரியில் ஒட்டியது என்றே கொள்ளவேண்டும்.

போர்த்துக்கேயரின் பங்கு பெயரில் இல்லை, பருப்பில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து முந்திரி மரத்தை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. தென்பாண்டி வழக்கில் கொல்லாங்கொட்டை என்றும் அண்டிப்பருப்பு என்றும் சொல்லப்படுவதை இலங்கைத் தமிழர் கஜு என்பர். அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்த்துக்கேயர் வாய்வழி வந்தது. பாதாம் விளையாத கரைகளில் கஜு அதன் இடத்தைப் பிடித்தது. கோவாவில் பாதாம் மாவால் ஆகவேண்டிய மர்சிபானை முந்திரியில் செய்வதும், கொழும்பின் லவ் கேக்கில் கஜு விழுவதும் இதே மாற்றம்தான்.

மாற்றிப் போட்ட பருப்பு செய்முறையையும் மாற்றியது. முந்திரியை மாவாக அரைத்தால் எண்ணெய் கசியும். எண்ணெய் பட்டால் வெள்ளைக்கருவின் நுரை அமுங்கிவிடும். மஞ்சட்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அதே கதிதான். அதனால் தூத்துக்குடியில் முந்திரியை ஈரமின்றி உடைத்துப் பொடிக்கிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குச் சீனியோடு அடித்த நுரையில் பொடியைக் கலந்து, முனை கூர்ந்து நிற்கப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலரவிடுகிறார்கள். பாரிசில் நேர்மாறு. அங்கே கலவையைக் கிளறி நுரையை ஓரளவு வேண்டுமென்றே அமுக்குவார்கள். பிழிந்த வட்டுகளின் மேல் தோல் காயும்வரை வைத்திருந்து, சுமார் 150 பாகை செல்சியசில் கால் மணி நேரத்துக்குள் சுட்டெடுப்பார்கள். ஒன்று வாயில் நொறுங்கிக் கரைய, மற்றது மேலே நொறுங்கி உள்ளே மெதுவாக இருக்கிறது.

யாழ்ப்பாணத் தீவுகளில் மக்ரூன் ஊர்ப் பண்டமாக ஊன்றவில்லை. அடுப்படியும் பண்டிகையும் மட்டும் சொல்லாக வந்து தங்கின. பேக்கரி அடுப்பான போறணை, போர்த்துக்கேய 'ஃபோர்னோ'. நத்தார், அவர்களின் 'நத்தால்'. அத்தீவுகளில் ஒன்றான அனலைதீவுக்கு, பின்வந்த ஒல்லாந்தர் ரொட்டர்டாம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் வரைபடத்தோடு போயிற்று. அவர்களின் 'கூக்யெஸ்' கொக்கிஸ் ஆகி எண்ணெய்த் தாச்சியில் இன்றும் பொரிகிறது. பெயர்ப்பலகையைவிடப் பலகாரம் நீடித்து வாழும் போலும்.

இலங்கை மக்ரூன் வரலாற்றில் வேறொரு வழியால் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவில் தேங்காய்ப்பூவை உலர்த்தி ஏற்றுமதி செய்யும் தொழில் எழுந்தது. பாதாமைவிட மலிவான அச்சரக்கு ஐரோப்பிய அடுக்களைகளில் பரவ, தேங்காய் மக்ரூன் பெருகிற்று. மாவு சேராததால் யூதர்களின் பாஸ்கா விழாவுக்கு அது உகந்தது. யேர்மனியில் 'மக்ரோனன்' நத்தாருக்கு முந்திய வாரங்களில் சுடும் பண்டம். பிற பலகாரங்களுக்கு மஞ்சட்கரு எடுத்தபின் மிஞ்சும் வெள்ளைக்கரு அதில் செலவாகும்.

மூன்றாவது வடிவமான மக்கரோன் புலம்பெயர்ந்தோர் வழியில் தமிழுக்கு வந்தது. பாரிசின் பேக்கரிகளில் இலங்கைத் தமிழர் உழைப்பு ஊறியிருக்கிறது. 2023இல் அந்நகரின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசைத் தர்ஷன் செல்வராஜா பெற்றார். இப்படி ஆங்கிலத்தை இடையிடாமல் சொல்லை நேரே பிரெஞ்சிலிருந்து எடுக்கும்போது '-ஊன்' மறைந்து '-ஓன்' தங்குகிறது.

அனலைதீவில் மக்ரூனோ மக்கரோனோ சுட நினைப்பவருக்குத் தடை பருப்பல்ல, பருவம். நத்தார் அங்கே மாரியில் வருகிறது. வாடைக் காற்று ஈரத்தோடு வீசும். சீனி அந்த ஈரத்தை இழுப்பதால் பாரிஸ் வட்டின் தோல் லேசில் காயாது. மெல்லிய சூட்டிலேயே ஈரத்தை விரட்டும் தூத்துக்குடிப் பக்குவம் இக்காலநிலைக்குக் கூடுதலாகப் பொருந்தும். பனங்கட்டி தானே ஈரம் கொண்டது, நுரை தாங்காது. வெள்ளைச் சீனிதான் வேண்டும். சுட்டவை ஆறிய கையோடு காற்றுப் புகாத தகரப் பேணியில் அடைக்கப்படாவிட்டால் விரைவில் பிசுபிசுத்துவிடும்.