கெடு வைத்துக் கொடுத்த உதவி: ஒரு சட்டப் பிரிவுக்கு விளக்கவுரை

2020 மார்ச் 28-இல் முடிந்த ஒரே வாரத்தில் அமெரிக்காவில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையிழப்பு உதவி கேட்டுப் புதிதாக விண்ணப்பித்தார்கள். கொரோனாவுக்கு முன்பு வரை ஒரு வாரத்தின் உச்சம் 1982-இல் பதிவான 6,95,000 தான். அந்த வாரம் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக, மார்ச் 27-இல், பெருந்தொற்று நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அதன் 2102-ஆம் பிரிவு ‘பெருந்தொற்று வேலையிழப்பு உதவி’ என்ற புதிய திட்டத்தை உண்டாக்கியது. அந்தப் பிரிவின் சாரத்தைப் பகுதி பகுதியாகத் தந்து விளக்குகிறேன். கால வரம்பைச் சொல்லும் பகுதி மூலத்தில் முன்னாலேயே வருகிறது. பிரிவின் பலமும் பலவீனமும் அங்கேதான் பிடிபடுகின்றன என்பதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

1. யாருக்கு?

*சாரம்: வழக்கமான வேலையிழப்புக் காப்பீடு கிடைக்காதவர், சுயதொழில் செய்பவர், பகுதிநேர வேலை தேடுபவர், போதிய வேலைக்கால வரலாறு இல்லாதவர் உட்பட. தகுதி உண்டு என்று விண்ணப்பதாரர் தாமே உறுதிமொழி அளிக்க வேண்டும்.*

அமெரிக்காவின் வேலையிழப்புக் காப்பீடு 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தது. முதலாளி சம்பளப் பட்டியலை வைத்து வரி கட்டுவார். அந்தப் பட்டியலில் இருந்தவருக்கு வேலை போனால் உதவி கிடைக்கும். ஊபர் ஓட்டுபவர், சொந்தக் கடை வைத்து முடி திருத்துபவர், கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. 85 ஆண்டுகளாகக் கதவுக்கு வெளியே நின்றவர்களை இந்தப் பகுதி ஒரே வீச்சில் உள்ளே அழைத்தது.

சுய உறுதிமொழி என்ற ஏற்பாடும் பெருந்தொற்றின் அவசரத்தில் பிறந்ததுதான். ஊபர்காரருக்கு முதலாளி என்று யாரும் இல்லாதபோது ‘வேலை போனது உண்மை’ என்று யார் எழுதித் தருவது? அவர் சொல்லையே ஏற்றார்கள். அதனால் சரிபார்ப்புக்காகப் பணம் காத்திருக்க வேண்டியதில்லை. கூடவே திருடிய அடையாளங்களை வைத்து மோசடிக் கும்பல்களும் புகுந்தன. 2020 டிசம்பரில் வந்த திருத்தம், தொழில் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று கேட்டது.

2. எந்தக் காரணத்துக்கு?

*சாரம்: வேலை செய்ய முடிந்தும் மனமிருந்தும், கீழ்க்கண்ட கொரோனா காரணங்களில் ஒன்றால் வேலை இழந்தவர் அல்லது வேலைக்குப் போக முடியாதவர்.*

மொத்தம் பதினொரு காரணங்கள். தனக்குத் தொற்று, வீட்டில் ஒருவருக்குத் தொற்று, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பள்ளி மூடியதால் பிள்ளையை விட்டுப் போக முடியாத நிலை, தனிமைப்படுத்தும் உத்தரவு, மருத்துவர் சொல்லித் தனிமையில் இருப்பது, சேர வேண்டிய புது வேலை கைவிட்டுப் போனது, குடும்பத்தைக் காப்பாற்றியவர் கொரோனாவில் இறந்ததால் சம்பாதிக்கும் பாரம் தன் தலையில் விழுந்தது, கொரோனாவின் நேரடி விளைவாக வேலையை விட நேர்ந்தது, வேலையிடமே மூடப்பட்டது. பதினொன்றாவது, தொழிலாளர் துறைச் செயலர் பின்னர் சேர்க்கக்கூடிய காரணங்களுக்கான காலி இடம்.

இதை எழுதியவர்கள் நோய் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று அறை அறையாக யோசித்திருக்கிறார்கள். சம்பாதித்தவர் இறந்த வீட்டில் இனி யார் சம்பாதிப்பது என்பது வரை சட்டம் கேட்கிறது. நிதிச் சட்டங்களில் இவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கும் கண் அபூர்வம்.

ஆனால் பட்டியலில் பயத்துக்கு இடமில்லை. 2020 ஏப்ரலில் தெற்கு டகோட்டாவின் சியூ ஃபால்ஸ் நகரில் இருந்த பன்றி இறைச்சித் தொழிற்சாலை நாட்டின் பெரிய தொற்று மையங்களில் ஒன்றானது. தொழிலாளர்கள் தோளோடு தோள் நின்று வெட்டும் வேலை அது. அம்மாத இறுதியில் இறைச்சி ஆலைகள் இயங்குவதை உறுதிசெய்ய அதிபர் ஆணை வந்தது. வேலைக்கு அழைக்கும்போது பயத்தால் மறுத்தால் உதவி நிற்கும் என்று அண்டை மாநிலமான அயோவா எச்சரித்தது. நோய் வந்துவிட்டால் உதவி உண்டு. வரும் என்று அஞ்சி விலகினால் இல்லை. பதினொன்றாவது காலி இடத்தில், பாதுகாப்பில்லாத வேலையிடத்துக்குத் திரும்ப மறுத்தவரைத் தொழிலாளர் துறை சேர்த்தது 2021 பிப்ரவரி 25-இல்தான். அதற்குள் ஆட்சியே மாறியிருந்தது.

3. யாருக்கு இல்லை?

*சாரம்: சம்பளத்தோடு வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிபவருக்கும், சம்பளத்தோடு விடுப்பில் இருப்பவருக்கும் இல்லை.*

நியாயமான விலக்கு, அதிகம் விளக்க வேண்டாம். மடிக்கணினியில் பிழைப்பு நடத்துபவருக்கும் கையால் உழைப்பவருக்கும் பெருந்தொற்று ஒன்றாக இருக்கவில்லை என்பதைச் சட்டம் அறிந்திருந்தது.

4. எவ்வளவு?

*சாரம்: மாநிலச் சட்டப்படி கணக்கிடும் வாரத் தொகை, குறைந்தபட்சம், அந்த மாநிலத்தின் சராசரி உதவித் தொகையில் பாதி. 2104-ஆம் பிரிவின்படி மேலும் வாரம் 600 டாலர்.*

‘மாநிலச் சட்டப்படி’ என்ற வாசகத்துக்குப் பின்னால் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அப்போது ஃபுளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர், மாசசூசெட்ஸில் 823. ஒரே நோய், ஒரே வேலையிழப்பு, முகவரி மட்டும் வேறு. அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பியது 600 டாலர்தான்.

அது ஏன் எல்லோருக்கும் ஒரே தொகை? நாட்டின் சராசரி வாரச் சம்பளத்துக்கும் சராசரி உதவித் தொகைக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ அவ்வளவு. அவரவர் சம்பளத்துக்கு ஏற்பக் கணக்கிட்டுத் தர மாநிலங்களின் பழைய கணினிகளால் முடியவில்லை. நியூஜெர்சி ஆளுநர் அந்த ஏப்ரலில், கோபோல் என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவ முன்வரும்படி வெளிப்படையாகவே கேட்டார். விளைவு, குறைந்த சம்பளக்காரர்கள் பலருக்கு இழந்த சம்பளத்தைவிட உதவி அதிகமாக வந்தது. ‘சோம்பேறியாக்குகிறது’ என்ற குற்றச்சாட்டு அங்கிருந்து கிளம்பியது.

5. எந்த விதிப்படி?

*சாரம்: இதில் சொல்லாதவற்றுக்குப் பேரிடர் வேலையிழப்பு உதவி விதிகள் பொருந்தும்; ‘பெரும் பேரிடர்’ என்ற இடத்தில் கொரோனா பொதுச் சுகாதார அவசரநிலை என்று கொள்க.*

புயல், வெள்ளம், காட்டுத்தீக்கு எழுதிய விதிகள் அவை. பேரிடர் அறிவித்த வட்டாரத்தில் வேலை இழந்தவருக்கு, அறிவிப்பிலிருந்து 26 வாரம் வரை உதவி. எங்கே அடித்ததோ அங்கே, எப்போது அடித்ததோ அப்போது முதல் என்பதுதான் அதன் தர்க்கம். கொரோனாவுக்கு 2020 ஏப்ரல் 11-க்குள் 50 மாநிலங்களும் பேரிடர் மாநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வரலாற்றில் அது முதல்முறை. நாடு முழுவதும் வட்டாரமானதும் ‘எங்கே’, ‘எப்போது’ என்ற இரண்டு கேள்விகளும் உதிர்ந்துபோயின. அவற்றின் இடத்தில் தேதி ஒன்று வந்து உட்கார்ந்தது.

6. எதுவரை?

*சாரம்: 2020 ஜனவரி 27 முதல் டிசம்பர் 31 வரை, அதிகபட்சம் 39 வாரம். 600 டாலர் மட்டும் ஜூலை 31 வரை.*

தொற்றுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்தத் தேதிகளின் பொருள் விளங்கும். வசந்தத்தில் நோய் நியூயார்க்கை அடித்தது. கோடையில் தெற்கே நகர்ந்தது; ஜூலை 12-இல் ஃபுளோரிடா ஒரே நாளில் 15,000-க்கு மேல் புதிய தொற்றுகளை அறிவித்தது. அதே மாதம் 25-ஆம் தேதியோடு பெரும்பாலான மாநிலங்களில் 600 டாலர் நின்றது. வாரம் சனிக்கிழமையில் முடிவதால் 31 வரைகூட வரவில்லை. 275 டாலர் உச்சவரம்புள்ள ஃபுளோரிடாவில் அந்த வெட்டு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்டில் பேரிடர் நிதியிலிருந்து 300 டாலர் தர அதிபர் உத்தரவிட்டார். வேண்டாம் என்ற ஒரே மாநிலம் தெற்கு டகோட்டா. இலையுதிர்காலத்தில், மக்கள்தொகை விகிதப்படி நாட்டிலேயே மிக மோசமாகத் தொற்று பரவிய இடங்களில் அதுவும் இருந்தது.

அடுத்த கெடு டிசம்பர். குளிர்கால அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 26-ஆம் தேதியோடு உதவி வாரங்கள் முடிந்தன. நீட்டிப்புக்கு மறுநாள்தான் கையெழுத்தானது. 2021 மார்ச்சில் மீண்டும் நீட்டிப்பு, செப்டம்பர் 6 வரை. ஆனால் ஏறத்தாழ பாதி மாநிலங்கள் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று முன்னதாகவே விலகின. முதல் வரிசையில் விலகிய மிசௌரி ஜூன் 12-இல் நிறுத்தியது. டெல்டா வகைக் கொரோனாவின் அலை முதலில் தலைகாட்டிய மாநிலங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அமெரிக்கத் தொழிலாளர் தினம். அன்று டெல்டா உச்சத்தில் இருந்தது, உதவி முடிந்தது.

அப்படியானால் தொற்று எண்ணிக்கையோடு உதவியைக் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். அதுவும் தவறாகவே முடியும். நியூயார்க்கில் ஜூன் மாதமே தொற்று வெகுவாக இறங்கிவிட்டது. நகரத்தின் வேலையின்மையோ 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2020 மார்ச்சில் மூடிய பிராட்வே நாடக அரங்குகள் 2021 செப்டம்பரில்தான் பழையபடி திறந்தன. நோய் வடிந்தாலும் வேலை உடனே திரும்புவதில்லை. தவிர, பரிசோதனையைக் குறைத்தாலே குறையக்கூடிய எண் அது.

பார்க்க வேண்டிய அளவு அந்தந்த மாநிலத்தின் வேலையின்மை விகிதம்தான். அது இவ்வளவுக்கு மேல் இருக்கும்வரை உதவி தொடரும், இறங்கினால் தானாகக் குறையும் என்று எழுதும் முறை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1970-ஆம் ஆண்டின் நீட்டிப்பு உதவிச் சட்டமே அப்படித்தான் இயங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் தெரிந்தே தவிர்த்தது. தேதி போட்டால் செலவுக்கு ஒரு வரம்பு காட்டலாம், ஒவ்வொரு கெடுவிலும் பேரம் பேசலாம்.

பதினொரு காரணங்களை எழுதிய கை மனிதர்களைப் பார்த்து எழுதியது. தேதியை எழுதிய கை பட்ஜெட்டைப் பார்த்து எழுதியது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்ததால், முதல் கை கொடுத்ததை இரண்டாவது கை மூன்று முறை, மூன்றும் தொற்று உயர்ந்திருந்த நேரத்தில், பறிக்கப் பார்த்தது. அடுத்த பெருந்தொற்றுக்குச் சட்டம் எழுதுபவர்கள் இந்தப் பிரிவிலிருந்து காரணப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பயத்தையும் அதில் சேர்க்கலாம். தேதிப் பகுதியை மட்டும் எடுக்கக் கூடாது.