அணை நீருக்குள் மறையும் வரலாறு: மலம்புழாவும் நாகார்ஜுனகொண்டாவும் உணர்த்துவது என்ன?

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள மலம்புழா அணைப் பகுதியில் 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களைக் கண்டறிந்துள்ளதாக இந்தியத் தொல்லியல் துறை 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டித் தீவுகள்போல் அமைந்த மேடுகளில், ஏறத்தாழ 45 ஹெக்டேர் பரப்பில் இவை பரவியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை கருங்கல் பலகைகளால் அமைக்கப்பட்ட கற்பதுக்கைகள் எனப்படும் ஈமச்சின்னங்கள் ஆகும்.

பாரதப்புழாவின் கிளையாற்றின் குறுக்கே மலம்புழா அணையின் கட்டுமானம் 1949-இல் தொடங்கியது. அப்போது பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1955 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அதற்கு 70 ஆண்டுகள் கழித்து வெளியான இந்த அறிவிப்பு, மேடான இடங்களில் எஞ்சியிருப்பவற்றை மட்டுமே பற்றியது. பள்ளத்தாக்கின் அடித்தளம் இன்றும் நீருக்கடியில்தான் இருக்கிறது.

ஆற்றங்கரைகளே இலக்காவது ஏன்?

பழங்கால மக்கள் நீரும் வளமான நிலமும் கிடைத்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலேயே குடியேறினர். வாழ்விடங்களும் ஈமக்காடுகளும் வழிபாட்டுத் தலங்களும் அங்கேயே உருவாயின. அணைகள் எழுவதும் அதே பள்ளத்தாக்குகளில்தான். இந்தியாவில் 5,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ள நிலையில், இது ஓரிரு இடங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று.

முன்கூட்டியே தோண்டப்பட்ட பள்ளத்தாக்கு

ஆந்திரப் பிரதேசத்தின் நாகார்ஜுனகொண்டா, கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி இருந்த இடமாகும். கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே நாகார்ஜுன சாகர் அணை கட்டப்பட்டால் அப்பள்ளத்தாக்கு மூழ்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. எனவே 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் தொல்லியல் துறை அங்கு விரிவான அகழாய்வை மேற்கொண்டது. அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1955 டிசம்பரில்தான்.

கற்காலக் கருவிகள் முதல் இடைக்காலச் சின்னங்கள் வரை அங்கு கிடைத்தன. 30-க்கும் மேற்பட்ட பௌத்த அமைப்புகள், கோயில்கள், படித்துறைகள், படிவரிசை இருக்கைகள் கொண்ட அரங்கம் ஆகியவை வெளிப்பட்டன. இவற்றுள் ஒன்பது சின்னங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று தீவாக உள்ள குன்றின் உச்சியில் மீண்டும் எழுப்பப்பட்டன. வேறு சிலவற்றின் மாதிரிகள் கரையில் உள்ள அனுப்பு என்னுமிடத்தில் அமைக்கப்பட்டன. ஆனால் நகரம் அமைந்திருந்த நிலம் மீளவில்லை. தெருக்களும் மடங்களும் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்திருந்தன என்பதை இனி அகழாய்வு அறிக்கைகளின் வழியே மட்டுமே அறிய முடியும்.

தமிழகத்தின் அனுபவம்

1934-இல் நிறைவடைந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பல கிராமங்கள் மூழ்கின. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. அது ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடி அருகே பழைய தேவாலயத்தின் கோபுரமும், மேலும் குறையும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரிகின்றன. பவானிசாகர் அணையில் நீர் வெகுவாக வற்றும்போது டணாய்க்கன் கோட்டையின் மாதவப் பெருமாள் கோயில் வெளிப்படுகிறது. வறட்சி உழவர்களுக்குத் துயரம் தரும் அதே நேரத்தில், பழைய ஊரைக் காண மக்கள் திரளுவதும் வழக்கமாகிவிட்டது.

நீர் செய்யும் சேதம்

நிலையான ஆழத்தில் வண்டலுக்கு அடியில் கிடக்கும் சின்னம் ஓரளவு காப்பாற்றப்படலாம். நீர்மட்டம் ஏறி இறங்கும் விளிம்புப் பகுதியே பெரும் சேதத்திற்கு உள்ளாகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை 1981-இல் வெளியிட்ட நீர்த்தேக்க ஆய்வும் இதையே உணர்த்தியது.

ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கும்போது கல்லில் புகுந்த உப்புகள் படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கின்றன. அலைகள் மண்ணடுக்குகளை அரிக்கின்றன. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதே காலக்கணிப்பின் அடிப்படை என்பதால், அடுக்கு கலைந்தால் பானை ஓடு கிடைத்தாலும் அதன் வரலாறு கிடைப்பதில்லை. நீர் வடிந்த நாள்களில் திருட்டுக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது.

இடமாற்றம் தீர்வாகுமா?

எகிப்தின் அஸ்வான் உயரணைக்காக 1960-இல் யுனெஸ்கோ தொடங்கிய பன்னாட்டு இயக்கத்தின் பயனாக, அபு சிம்பல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை துண்டுகளாக அறுத்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரமான இடத்தில் மீண்டும் நிறுவப்பட்டன. இந்தியாவில் ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலும் பாபநாசிக் கோயில்களும் ஆலம்பூர்ப் பகுதிக்கு மாற்றப்பட்டன.

இம்முறை கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். குடியிருப்பு மேடு, பாறை ஓவியம், ஈமக்காடு போன்றவை நிலத்தோடு பிணைந்தவை. அவற்றைப் பெயர்த்தால் பொருள் மிஞ்சுமேயன்றி இடம் மிஞ்சாது.

சட்டத்தின் எல்லை

1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்ட இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடை செய்கிறது. நாடு முழுவதும் மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் 3,600-க்கும் சற்று அதிகம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் படிவமும், பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற பகுதிகள் திட்டத்துக்கு அருகில் உள்ளனவா என்றே கேட்கிறது. எந்தப் பட்டியலிலும் சேராத ஈமக்காடு இக்கேள்விக்குள் வருவதில்லை. அணைத் திட்டங்களில் பண்பாட்டு இழப்பு அரிதாகவே கணக்கில் கொள்ளப்படுகிறது என உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது.

பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணைகள் தேவைப்படுகின்றன. அவற்றைக் கட்டுவதா வேண்டாமா என்பதிலிருந்து வேறுபட்டது இந்தக் கேள்வி. இடத்தைத் தேர்வு செய்யும் கட்டத்திலேயே மூழ்கவுள்ள பரப்பு முழுவதும் களஆய்வு நடைபெற்றால், எதைத் தோண்டுவது, எதை மாற்றுவது, அணையின் உயரத்தை எங்கு குறைப்பது என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். நாகார்ஜுனகொண்டாவில் அந்த அவகாசம் ஆறு ஆண்டுகளாக இருந்தது. ஏற்கெனவே கட்டப்பட்ட அணைகளுக்கோ, கோடையில் நீர் வடியும் சில வாரங்களே ஆய்வுக்கான காலமாகும்.